எந்த அண்ணன்?

மலேசியாவின் தம்போயில் ஒரு மருந்துக் குளிர்கிடங்குக்கு மூன்று ஏஜெண்ட் மென்பொருள்களை அமைத்துக் கொடுத்தேன். ஒன்று லாரி ஓட்டுநர்களின் வாட்ஸ்அப்பைப் படிக்கும். அடுத்தது அனுமதியைச் சரிபார்க்கும். மூன்றாவது கதவைத் திறக்கும். முதலாளி சொன்னால்தான் சரக்கு வெளியே போகலாம். அவரை எல்லோரும் ‘அண்ணன்’ என்றே கூப்பிடுவதால் ஏஜெண்டுகளுக்கான விதியிலும் நான் அப்படியே எழுதி வைத்தேன்.

ஒரு மதியம், கதவில் எழுதியிருந்த வாட்ஸ்அப் எண்ணுக்குப் புது ஓட்டுநர் ஒருவர் செய்தி அனுப்பினார்: “அண்ணன் சொல்லிட்டாரு, கதவத் திறங்க.” முதல் ஏஜெண்ட் சொன்னதை இரண்டாவது நம்பியது. இரண்டாவது சொன்னதை மூன்றாவது நம்பிக் கதவைத் திறந்துவிட்டது.

அலுவலகத்தில் இருந்த என்னைத் தேடி அந்த ஓட்டுநரே வந்தார்.

“பாஸ், நான் மீன் ஏத்த வந்தேன். உள்ள பூரா இன்சுலின் பெட்டியா இருக்கு. இடம் மாறி வந்துட்டேன் போல. எந்த அண்ணன்னு யாருமே கேக்கலியே லா?”

வெளியாட்களைத் தடுக்க எத்தனையோ பூட்டுகள் போட்டிருந்தேன். ஏஜெண்டுகளுக்கு நடுவே ஒன்றுகூட இல்லை. ஒரே வீட்டுப் பிள்ளைகள்தானே என்று விட்டிருந்தேன்.

இப்போது ஒவ்வொன்றும் முதலாளியின் கைப்பேசியில் நேராகக் கேட்டு உறுதிசெய்துகொள்கிறது. அவற்றுக்கு அண்ணன் என்று யாரும் கிடையாது.

அன்று அந்த ஓட்டுநரிடம், “ரொம்ப நன்றிண்ணே,” என்றேன். லாரி போன பிறகுதான் உறைத்தது. அவர் யார் என்று நானும் கேட்கவில்லை.