சொல்தா சொன்ன சாட்சியம்

அல்ஜீரிய விடுதலைப் போரில் பிரெஞ்சுப் படையோடு போன தமிழர்களைப் பற்றியது என் முனைவர் பட்ட ஆய்வு. புதுச்சேரிப் பக்கம் அவர்களைச் ‘சொல்தா’ என்பார்கள். தொண்ணூறுகளின் இறுதியில் செங்கல்பட்டுக் கல்லூரி ஒன்றில் வரலாறு நடத்திக்கொண்டே பகுதிநேரமாக அதைச் செய்தேன். காகிதங்கள் கிடைத்தன, மனிதர்கள்தான் கிடைக்கவில்லை. பலர் பிரான்சுக்குப் போயிருந்தார்கள், மீதிப்பேர் இறந்திருந்தார்கள். சதுரங்கப்பட்டினத்தில் மகள் வீட்டில் ஒரு சொல்தா இருக்கிறார் என்று கேள்விப்பட்டதும் அந்தச் சனிக்கிழமையே பஸ் ஏறினேன்.

எழுபதைத் தாண்டியவர். டேப் ரெக்கார்டருக்கு முன்னால் உட்காரத் தேய்த்த சட்டை போட்டுக்கொள்வார். மகள் வீட்டிலேயே ரவிக்கை தைப்பவள். தையல் மெஷின் சத்தம் பதிவில் விழக்கூடாது என்று, நான் போனதும் எழுந்து பின்கட்டுக்குப் போய்விடுவாள்.

மூன்று சனிக்கிழமைகள் கப்பலையும் குளிரையும் பற்றியே பேசினார். “நமக்குச் சமையல் கட்டுலதான் வேலை. வெங்காயம் உரிச்சே கண்ணு போச்சு” என்று சிரிப்பார். ஆனால் அவரே காட்டிய சர்வீஸ் புத்தகத்தில் காவல் பிரிவு என்றுதான் இருந்தது. நாலாவது தடவை அதைக் கேட்டேன்.

புத்தகத்தை வாங்கி மூடி வைத்தார். பிறகு பின்கட்டுக் கதவை ஒருமுறை பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினார்.

“பண்ணை வூடு ஒண்ணு. கீழ திராட்சை ரசம் வெக்கிற நிலவறை. அங்கதான் புடிச்சாந்தவங்கள அடைப்பாங்க. நான் ஒரு அடி அடிச்சதில்ல மேடம். பட்டாளத்துப் போன் பெட்டி கீது பாரு, அதோட கைப்பிடிய சுத்தச் சொல்லுவாங்க. சுத்துனா கரண்டு வரும். சுத்துனேன். ஒயரு அவனுங்க ஒடம்புல.”

டேப் ஓடிக்கொண்டிருந்தது.

“ஒருத்தன், என் வயசுதான் இருக்கும். மத்தியானம் ஆபீசருங்க சாப்பிடப் போய்ட்டாங்க. நானும் அவனுந்தான். ‘மா, மா’ன்னுகினே இருந்தான். நம்மளாட்டமே அம்மாவக் கூப்புடறான்னு நெனச்சேன். பக்கத்துல குந்திகினு தலையத் தடவிக் குடுத்தேன். அவங்க திரும்பி வரசொல்ல மூச்சு இல்ல. அந்த ஒண்ணுதான் நான் அங்க செஞ்ச நல்ல காரியம்.”

“ஐயா, அரபில ‘மா’ன்னா தண்ணி” என்றேன்.

ஏன் சொன்னேன் என்பதற்கு என்னிடம் பெரிய காரணம் எதுவும் இல்லை. மாணவர்கள் தப்பாக எழுதியிருந்தால் சிவப்பு மையில் திருத்துவேன். அந்தப் பழக்கம்தான் வாயைத் திறந்தது.

“தண்ணியா?” என்றார். கொஞ்சம் கழித்து இன்னொரு தடவை, “தண்ணியா கேட்டான்?”

அவர் கை இடுப்பில் எதையோ தேடியது. “இங்கதான் தொங்கிகினு இருந்துச்சு. பாட்டிலு ரொம்பி இருந்துச்சு” என்றார். பிறகு டேப்பைக் காட்டி, “அத்த நிறுத்து. இத்த எழுதிடாத மேடம். என் பொண்ணுக்குத் தெரியாது.”

எழுத மாட்டேன் என்று சொன்னேன். அப்போது அதை மனதாரத்தான் சொன்னேன்.

இரண்டு வாரம் கழித்துப் போனபோது மகள் வாசலிலேயே நிறுத்தினாள். “இன்னா மேடம் கேட்டீங்க அவர? சோறு எறங்கல. தெருவுல போறவங்கள எல்லாம் நிறுத்தி நிறுத்தி சொம்புல தண்ணி குடுக்கறாரு. நான் லாரித் தண்ணி புடிக்க லோல்பட்டுகினு கீறேன். பேஜாராப் போச்சு.” உள்ளே அவர் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்திருந்தார். கூப்பிட்டேன், திரும்பவில்லை. அந்த ஐப்பசியில் அவர் இறந்ததுகூட எனக்குத் தாமதமாகத்தான் தெரிந்தது.

எழுதினேன். பெயர் போடவில்லை, ஊர் போடவில்லை. இறந்தவருக்கு இனி என்ன நஷ்டம் என்றும், சித்திரவதை செய்த பக்கத்திலிருந்து இப்படி ஒரு தமிழ்ச் சாட்சியம் வேறு எங்கும் இல்லை என்றும் எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். இரண்டும் உண்மைதான். வாய்மொழித் தேர்வில் வெளியிலிருந்து வந்த பேராசிரியர் அந்த இரண்டு பக்கங்களை உரக்கப் படித்தார். ஆய்வேட்டின் உயிரே இதுதான் என்றார். எல்லோரும் கை தட்டினார்கள். நானும் புன்னகையோடுதான் நின்றேன்.

சில வருடங்களுக்குப் பிறகு செங்கல்பட்டு பஸ் நிலையத்தில் அவர் மகள் என்னை அடையாளம் கண்டு ஓடிவந்தாள். கையில் லைனிங் துணிப் பை. கோபம் எல்லாம் போயிருந்தது.

“புக்கு முடிச்சிட்டீங்களா மேடம்? அப்பாவப் பத்தி இன்னா எழுதினீங்க?”

“நல்லபடியாத்தான் எழுதியிருக்கேன்.”

“ஒண்ணு குடுங்க மேடம். போட்டோ பக்கத்துல வெக்கிறேன்.”

“இங்கிலீஷ்ல இருக்கும்மா.”

“அதுக்கின்னா? என் பெரிய பொண்ணு இங்கிலீஷ் மீடியம். படிச்சி சொல்லும்.”

அனுப்புகிறேன் என்றேன். ஒரு பழைய பில்லின் பின்புறம் முகவரியை நிறுத்தி நிதானமாக எழுதிக் கொடுத்தாள். கல்பாக்கம் பஸ் வந்ததும் ஏறி, ஜன்னலோரம் உட்கார்ந்து கையசைத்தாள். நானும் அசைத்தேன். நான் அனுப்பவில்லை.