மெயினை அணைக்காதீர்கள்

நான் கதை எழுதுகிறவன் அல்ல. ரத்தம் பார்க்கிறவன். ஆஸ்பத்திரிப் பரிசோதனைக் கூடத்தில் இரவு ஷிப்ட். பிணவறைக்கு அடுத்த அறையில் உட்கார்ந்து பதினோரு வருடமாக டிபன் டப்பாவைத் திறந்து சாப்பிடுகிறவன். பேய் என்றால் எனக்குச் சிரிப்புதான் வரும். ஆனால் இங்கே எழுதுவது நடந்தது. எனக்கே நடந்தது. அதுவும் பட்டப்பகலில், ஞாயிற்றுக்கிழமை மத்தியானம், கீழே பிள்ளைகள் சைக்கிள் மணி அடித்துக்கொண்டிருந்தபோது. பேய்க்கு ராத்திரியில்தான் டியூட்டி என்று நம்பிப் பகலில் நிம்மதியாக இருக்கிறவர்கள் இத்தோடு நிறுத்திக்கொள்ளலாம்.

மூன்றாம் மாடியில் வீடு. மூன்று அறை, மூன்று பேர், ஒரே மீட்டர். நடுவில் மூன்று நாற்காலி போட்ட ஒரு கூடம். அதற்கு ஜன்னல் கிடையாது. அறைக் கதவுகள் திறந்திருந்தால்தான் கூடத்தில் வெளிச்சம்.

எங்களில் ஒருவரைச் சேர்மன் என்று கூப்பிடுவோம். அவர் எதற்கும் சேர்மன் அல்ல. ஒரு கம்பெனியில் துணை மேலாளருக்கு உதவியாளர். ஆனால் சாப்பிடும்போதும் கழுத்தில் அடையாள அட்டை தொங்கும். குளிக்கும்போது மட்டும் கழற்றிச் சோப்பு டப்பாவின் மேல் வைப்பார். துடைப்பம் வாங்குவதற்குக்கூடக் கூட்டம் போடுவார்.

இன்னொருவன் கேஷியர். பாங்கில் பணம் எண்ணுகிறவன். என் தங்கை கணவரின் தம்பி. எனக்கு மச்சான் முறை. அவன் காதில் விழுந்த எதுவும் அன்று இரவே என் தங்கையின் மாமியார் காதுக்குப் போய்ச் சேர்ந்துவிடும்.

நான் குடிவந்த மாதம் கரண்ட் பில் வழக்கத்தைவிட மூன்று மடங்கு வந்தது. அடுத்த மாதமும் அப்படியே. சேர்மன் கூட்டம் போட்டார்.

“நான் யாரையும் குறிப்பிட்டுச் சொல்ல வரலை,” என்று என்னையே பார்த்துக்கொண்டு ஆரம்பித்தார். “பகல்ல நாங்க ரெண்டு பேரும் ஆபீஸ்ல. அப்ப வீட்ல இருக்கறது யாரு? இது கேள்வி மட்டும்தான்.”

“தூங்கறேன் சார். தூங்கறதுக்கு எவ்வளவு கரண்ட் ஆகும்?”

“அதைத்தான் குழு ஆராயப்போகுது.”

குழு என்றால் அவர்தான்.

“ஹீட்டரைப் போட்டுட்டு அப்படியே தூங்கிடறீங்களோ என்னவோ, மச்சான்...” என்று கேஷியர் இழுத்தான். வீட்டை விட்டுப் போகச் சொன்னால் போய்விடலாம். ஆனால் ‘உங்க அண்ணன் அடுத்தவன் காசுல வெந்நீர் போடறவராமே’ என்ற பேச்சை என் தங்கை அந்த வீட்டில் காலம் முழுக்கக் கேட்க வேண்டியிருக்கும்.

உண்மையில் நானும் சிலவற்றைக் கவனித்திருந்தேன். மத்தியானம் எழுந்து குளியலறைக்குப் போனால் கண்ணாடியில் ஆவி படிந்திருக்கும். இஸ்திரிப் பெட்டியைத் தொட்டால் இளஞ்சூடு. காலையில் இவர்கள் போட்டுவிட்டுப் போனது என்று நினைத்துக்கொண்டேன். காலையில் படிந்த ஆவி மத்தியானம் வரை நிற்காது என்று தூக்கக் கலக்கத்தில் யார் யோசிக்கிறார்கள்?

ஞாயிற்றுக்கிழமை சோதனை. மூன்று பேரும் வெளியே வந்து வீட்டைப் பூட்டிவிட்டு, படிக்கட்டுக்கு அடியில் இருந்த மீட்டர் முன்னால் நின்றோம். மீட்டரில் ஒரு சிவப்புப் புள்ளி உண்டு. கரண்ட் செலவாகும்போது சிமிட்டும். செலவு கூடினால் சிமிட்டலும் வேகமாகும். வீட்டில் அப்போது ஓடியது ஃபிரிட்ஜ் மட்டும். புள்ளி கொட்டாவி விடுகிற மாதிரி எப்போதாவது ஒரு தரம் சிமிட்டியது.

அடுத்து என்னை மட்டும் உள்ளே போய்ப் படுக்கச் சொன்னார்கள். விசிறியைப் போட்டுக்கொண்டு படுத்தேன். ஐந்தே நிமிடத்தில் இரண்டு பேரும் மூச்சு வாங்க மேலே வந்தார்கள்.

“படபடன்னு அடிக்குது மச்சான்! என்னத்தைப் போட்டீங்க?”

“விசிறி மட்டும்தான்டா.”

“ஒரு விசிறிக்கு அந்த வேகம் வராது,” என்றார் சேர்மன். “நிரூபணமாயிடுச்சு. மாசக் கடைசிக்குள்ள நீங்களே காலி பண்ணிடறது எல்லாருக்கும் கௌரவம், தம்பி.”

எனக்கு ரோஷம் வந்துவிட்டது. இன்னொரு சோதனை கேட்டேன். ஃபிரிட்ஜ் உட்பட எல்லாவற்றையும் பிடுங்கிவிட வேண்டும். அறைகளை ஜன்னலோடு சேர்த்து மூட வேண்டும். நான் கூடத்தின் நடுவில் ஒரு நாற்காலியில் சும்மா உட்கார்ந்திருப்பேன். அப்போதும் புள்ளி சிமிட்டினால் என்ன சொல்வார்கள் என்று பார்க்கலாம்.

சேர்மனுக்குப் பரம சந்தோஷம். பார்சல் ஒட்டும் பழுப்பு நிறப் பட்டையை எடுத்து வந்து, ஒவ்வொரு அறைக் கதவையும் நிலையோடு சேர்த்து ஒட்டினார். குளியலறைக் கதவையும் விடவில்லை. ஒவ்வொரு பட்டையின் மேலும் கையெழுத்து. அதற்குக் கீழே பதவி. பட்டையின் அகலத்தில் ‘துணை மேலாளர்’ வரைக்கும்தான் அடங்கியது. அதில் அவருக்கு வருத்தம் இருந்ததாகத் தெரியவில்லை.

“வாசல்ல என் பூட்டைப் போடறேன். நடுவுல யாரும் வெளியில வரக் கூடாது. சோதனைன்னா சோதனை.”

கதவு சாத்தப்பட்டது. வெளியே பூட்டு விழுந்தது... க்ளிக்.

மணி 2.20.

கூடம் இருட்டு. கையில் ஃபோன். மறுமுனையில் சேர்மன் கீழே மீட்டர் முன்னால், கேஷியர் பக்கத்தில்.

“சிமிட்டல் இல்லை,” என்றார். குரலில் லேசான ஏமாற்றம்.

இரண்டு நிமிடம் போனது. “இல்லை.”

நான் காலை நீட்டி உட்கார்ந்தேன். தங்கைக்கு என்ன சொல்வது, எப்படிச் சொல்லிச் சிரிப்பது என்று யோசித்துக்கொண்டிருந்தேன்.

“தம்பி... ஒண்ணு சிமிட்டிச்சு.”

“நான் உட்கார்ந்துதான் இருக்கேன்.”

“ரெண்டு... மூணு...”

குளியலறையில் சத்தம். சொர்ர்ர்... தண்ணீர் கொதிக்க ஆரம்பிக்கும்போது வருகிற சத்தம். ஹீட்டரின் சுவிட்சைப் பத்து நிமிடத்துக்கு முன்னால் நானே அணைத்திருந்தேன்.

பிறகு என் அறையில் விசிறி. டக்... டக்... டக்... மூன்றாவது சுற்றில் தட்டுவது என் விசிறியின் பழக்கம்.

கதவுக்கு அடியில் கோடாக வெளிச்சம்.

சூடான துணி வாசனை வந்தது. யாரோ இஸ்திரி போட்டுக்கொண்டிருந்தார்கள். அவசரமே இல்லாமல். பெட்டியைத் தூக்கி... வைத்து... தூக்கி... வைத்து.

“ஏய்! என்ன பண்றே உள்ள?” சேர்மனிடம் ‘நீங்க’ காணாமல் போயிருந்தது.

“நான் இல்ல சார்... ரூமுக்குள்ள யாரோ இருக்காங்க.”

“சீல் இருக்கா?”

ஃபோன் வெளிச்சத்தைத் திருப்பினேன். பட்டை ஒட்டியபடியே இருந்தது. கையெழுத்தும் பதவியும் பத்திரமாக.

“இருக்கு.”

“அப்ப யாரும் இருக்க முடியாது. மெயினை அணைக்கறேன்.”

“அணைங்க சார். சீக்கிரம்.”

அதைச் சொன்னது நான்தான்.

டப்.

வெளிச்சக் கோடு போயிற்று. விசிறி வேகம் குறைந்தது... டக்... டக்...... டக்.

நின்றது.

“புள்ளி நின்னுடுச்சு,” என்றார் சேர்மன். “பத்து நிமிஷம் இப்படியே இருக்கட்டும்.”

உள்ளே எந்தச் சத்தமும் இல்லை.

இஸ்திரிப் பெட்டியைக் கீழே வைக்கிற சத்தம் கேட்டது. மெதுவாக. வேலை பாதியில் நின்றுபோனவர் வைப்பதுபோல.

அப்புறம்...

சர்ர்ர்ர்...

பட்டை பிரிகிற சத்தம். நகத்தால் ஓரத்தைத் தூக்கி, பொறுமையாக. பட்டை ஒட்டியிருந்தது கதவுக்கு வெளிப்பக்கம். கூடத்துப் பக்கம்.

என் பக்கம்.

கரண்ட் இருந்தவரைக்கும் அதற்குச் செய்ய ஏதோ வேலை இருந்தது.

இப்போது நான் மட்டும்தான் இருந்தேன்.

“மெயினைப் போடுங்க.”

“என்ன தம்பி?”

“மெயினைப் போடுங்க!”

“பத்து நிமிஷம்னு தீர்மானம் பண்ணியிருக்கோம். நடுவுல...”

பக்கத்து நாற்காலி க்ரீச் என்றது. யாராவது உட்கார்ந்தால் அது அப்படித்தான் சொல்லும்.

என் முழங்கைக்கருகே சூடு.

மூச்சு.

கத்தினேன். என்ன கத்தினேன் என்று எனக்குத் தெரியாது. ஃபோனில் கேஷியரின் குரல் மட்டும் கேட்டது: “யோவ், போடுய்யா முதல்ல!”

டப்.

விசிறி சுற்ற ஆரம்பித்தது. வெளிச்சக் கோடு வந்தது. நாற்காலி மறுபடி க்ரீச் என்றது.

எழுந்து போகிற க்ரீச்.

வாசலுக்கு ஓடினேன். வெளியே இரண்டு பேரும் ஓடி வந்து பூட்டைத் திறந்துவிட்டார்கள். கதவு மட்டும் வரவில்லை.

“உள்தாழ்ப்பாளை எடுங்க மச்சான்!”

“நான் போடலைடா!”

அந்தத் தாழ்ப்பாளை நாங்கள் யாரும் தொட்டதே கிடையாது. பெயின்ட் அடித்தவன் அதோடு சேர்த்து அடித்துவிட்டுப் போயிருந்தான், இறுகிக் கிடந்தது. இப்போது அது நிலையில் போய் நுழைந்திருந்தது. இழுத்தேன். அசையவில்லை. தொங்கினேன். அசையவில்லை. வெளியே கேஷியர் தோளால் இடித்தான்.

எனக்குப் பின்னால் இஸ்திரிப் பெட்டி... தூக்கி... வைத்து...

திடீரென்று நின்றது.

தாழ்ப்பாள் எண்ணெய் போட்டது மாதிரி நழுவி என் கையோடு வந்தது.

வெளியே விழுந்தேன். கேஷியர்தான் உள்ளே போய் என் அறையைத் திறந்து பார்த்தான். எல்லா சுவிட்சும் அணைந்திருந்தன. விசிறி நின்றிருந்தது. என் அறைக் கதவில் பட்டை இல்லை. அது உருண்டையாகச் சுருட்டப்பட்டு நாற்காலியின் மேல் இருந்தது. நான் உட்கார்ந்திருந்த நாற்காலியில் அல்ல.

சேர்மன் அதை எடுத்துச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார். “காத்துல பிஞ்சிருக்கும்,” என்றார். ஜன்னல் இல்லாத கூடத்தில்.

அன்று மாலை வாட்ஸ்அப் குழுவில் அறிக்கை வந்தது: ‘உள்ளே இருந்தவர் பயத்தில் கத்தியதால் சோதனை முழுமை பெறவில்லை.’

நான் மறுநாளே காலி செய்தேன். அடுத்த மாதம் பில் பழையபடி குறைந்துவிட்டது. பகலில் வீட்டில் ஆள் இல்லை, வேறென்ன ஆகும்? சேர்மன் பில்லைப் படம் பிடித்துப் போட்டு, கீழே ‘வழக்கு முடிந்தது’ என்று எழுதினார். என் தங்கை ஃபோன் செய்தாள்.

“ஏண்ணே, வெந்நீர் வேணும்னா எங்கிட்ட சொல்லக் கூடாதா? அத்தை வர்றவங்க போறவங்ககிட்டல்லாம் சொல்றாங்கண்ணே.” சிரிக்கிற மாதிரிதான் ஆரம்பித்தாள். முடிக்கும்போது அழுதாள்.

கணக்கு முழுக்க எனக்கு எதிராக இருந்தது.

ஆறாவது மாதம் கேஷியர் ஆஸ்பத்திரிக்கே வந்தான். ஆள் பாதியாகியிருந்தான்.

“நீங்க இல்ல மச்சான்,” என்றான், உட்காருவதற்கு முன்னாலேயே.

சேர்மன் வேலை பார்த்த பிரிவையே கம்பெனி மூடிவிட்டதாம். வேறு வேலை கிடைக்கும்வரை மனிதர் பகல் முழுக்க வீட்டில். பில் மறுபடி மூன்று மடங்கு.

“கூட்டம் போட்டாரா?”

“வாயே திறக்கலை மச்சான். முழுசா நானே கட்டிடறேன்னார். கழுத்துல அட்டை இல்ல. பகல்லயும் எல்லா லைட்டும் எரிஞ்சிட்டு இருக்கும், டிவி ஓடும். நான் ஒண்ணை அணைச்சா ஓடி வந்து போட்டுடுவார்.”

“வீட்டை விட்டுப் போயிருக்கலாமே?”

“அதைத்தான் நானும் கேட்டேன். ‘கதவு விட மாட்டேங்குது தம்பி’ன்னார். காலைல நான் திறந்துதான் போறேன், சாயங்காலம் திறந்துதான் வர்றேன். எனக்குப் புரியலை. விளையாடறார்னு நினைச்சேன்.”

போன மாதம் ஒரு நாள், தெருவில் வயர் மாற்றுவதற்காகக் காலையிலிருந்து கரண்டை நிறுத்தியிருக்கிறார்கள். கேஷியர் பாங்கில். ஃபோன் மேஜை டிராயரில். பன்னிரண்டு தரம் கூப்பிட்டிருக்கிறார் சேர்மன். சாயங்காலம் இவன் போனபோது கதவு உள்தாழ்ப்பாள் போட்டிருந்தது. தட்டினான். பிறகு தச்சரைக் கூட்டி வந்து உடைத்தார்கள்.

உள்ளே யாரும் இல்லை. செருப்பு இருந்தது. மூக்குக்கண்ணாடி இருந்தது. ஃபோன் இருந்தது. ஜன்னல் எல்லாம் இரும்புக் கம்பி. போலீஸ் வந்து பார்த்துவிட்டு ‘எங்கேயோ போயிருப்பார், வருவார்’ என்று எழுதிக்கொண்டு போனதாம்.

“நானும் காலி பண்ணிட்டேன். வீட்டுக்காரர் புதுக் கதவு போட்டுப் பூட்டிட்டார். உள்ள ஒரு சாமான் கிடையாது மச்சான், பல்பைக்கூடக் கழட்டியாச்சு. முந்தாநாள் அட்வான்ஸைத் திரும்ப வாங்கப் போனேன். மீட்டரைப் பார்த்தேன்.”

அவனே சொன்னான்.

“நீங்க உள்ள இருந்தப்ப அடிச்சுதே... அதே வேகம்.”

“மெயினை அணைச்சியா?”

தலையாட்டினான்.

“அணைச்சேன். மூணாவது மாடில அந்தக் கதவைத் தட்டற சத்தம் கேட்டுச்சு. ரெண்டு கையாலயும். உள்ள இருந்து. திரும்பப் போட்டுட்டு வந்துட்டேன்.”

வீட்டுக்காரர் அந்த பில்லைக் கட்டமாட்டேன் என்கிறார். காலி வீட்டுக்கு எதற்கு என்று கேட்கிறார். நியாயம்தான். கட்டாவிட்டால் கம்பத்திலேயே கரண்டை வெட்டிவிடுவார்கள்.

கேஷியர்தான் கட்டுகிறான். போன மாதத்திலிருந்து பாதி நான் தருகிறேன்.