ஓர் எழுத்தில் நின்றுபோன பட்டியல்

அடுத்தவர் வீட்டை ஊருக்குக் காட்டுவதுதான் எங்கள் தொழில். அப்படியிருந்தும் கூக்கால் செல்வி அக்காவின் வீட்டை மூன்று வாரம் யாருக்கும் காட்டாமலே வைத்திருந்து, பழியையும் அவர் ஊர் பஸ் மேல் போட்டோம்.

பல்கலைக்கழகத்தில் கணினி படிக்கிறேன். வகுப்பு முடிந்ததும் கொடைக்கானலில் ஒரு சின்ன அலுவலகத்தில் வேலை. மலை ஊர்களில் பயணிகளுக்கு அறை கொடுக்கும் வீடுகளின் விவரத்தைத் தொகுத்து, தினமும் ஒரு சுற்றுலா இணையதளத்துக்கு அனுப்புவோம். எக்ஸ்எம்எல் ஃபீட் என்று பேர். ஒவ்வொரு விவரத்துக்கும் சீட்டு ஒட்டிய பட்டியல் என்று வைத்துக்கொள்ளுங்கள். படிப்பது மனிதர் இல்லை, இன்னொரு கணினி. தன் பெயரைத் திரையில் கட்டம் கட்டமாகப் பார்த்து நொந்தவர்கள் எல்லாரும் என் கட்சி.

வாலும் கொம்பும்

எங்கள் பட்டியலில் உள்ள ஆடலூர் காப்பித் தோட்ட வீட்டில் தங்கிய ஒரு பிரெஞ்சுப் பெண், அந்த வீட்டு விவரத்தோடு சேர்க்க நாலு வரி பாராட்டி எழுதி, Zoé என்று பெயர் போட்டிருந்தார். e மேல் ஒரு சின்னக் கோடு, அவ்வளவுதான். எங்கள் மேலாளர் அருளப்பன் சாருடைய பழைய கணினியில் அது வாலும் கொம்பும் முளைத்து ZoÃ© என்று தெரிந்தது. சார், இது என்ன கண்றாவி என்று கேட்டேன். கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு நிதானமாகப் பார்த்தார்.

"வெளிநாட்டுப் பேருன்னா அப்பிடித்தாம்மா இருக்கும்."

பூண்டுக்கு முன்னால்

செல்வி அக்கா பூண்டு போட்டுவைக்கும் அறைக்கு வெள்ளையடித்து, கட்டில் வாங்கிப் போட்டு, புதிதாக எங்களிடம் சேர்ந்தவர். ஒரு ஆள்கூட வரவில்லை என்று சாரிடம் கேட்டதற்கு, "பஸ் இல்லாத ஊருக்கு யாருங்க வருவா?" என்று சொல்லிவிட்டார். எனக்குப் பொறுக்கவில்லை. நானே போன் செய்தேன். அக்கா கோபப்படவில்லை, அதுதான் இன்னும் சுட்டது.

"வெள்ளனே எந்திரிச்சு ரூமைக் கூட்டிட்டு ரோட்டையே பாத்துக்கிட்டு கெடக்கேன். வெள்ளிக்கெழமைக்குள்ள ஆள் வரலைன்னா பூண்டை அதுலதான் கொட்டணும். ஒருக்கா வாசம் ஏறிருச்சுன்னா அப்பறம் மனுசன் படுக்க முடியாது தாயி."

பேர் போனால் என்ன

இணையதளத்தில் தேடினேன், கூக்கால் வீடே இல்லை. சாரின் அஞ்சல் பெட்டியைக் கிளறினால், விளம்பரம் என்று அவர் ஒதுக்கிவைத்த குவியலில் இணையதளத்திலிருந்து வந்த மூன்று வாரத்து மறுப்புக் கடிதங்கள். நடந்தது இதுதான்: கொம்பு முளைத்த பெயரைச் சரிசெய்கிறேன் என்று சாரே கோட்டோடு é-யைப் போட்டு, பட்டியல் கோப்பை, எழுத்துகளைக் குறிக்கும் பழைய முறையில் சேமித்துவிட்டார். கோப்பின் முதல் வரியோ, இது எல்லா மொழி எழுத்துக்கும் பொதுவான யூடிஎஃப்-8 முறை என்று சத்தியம் செய்கிறது. அந்த முறைப்படி படித்துக்கொண்டு வந்த இணையதளக் கணினி, Zoé-இல் முட்டி, முழுப் பட்டியலையும் திருப்பி அனுப்பிவிட்டது. ஏற்கெனவே ஏறியிருந்த வீடுகளின் பழைய விவரம் அப்படியே நின்றதால் யாருக்கும் தெரியவில்லை. புதிய வீடு மட்டும் ஏறவே இல்லை. தப்பு ஆடலூர் வீட்டு வரியில், தண்டனை கூக்காலுக்கு.

"அந்தக் கோட்டை எடுத்துட்டு வெரசா அனுப்பும்மா, சோலி முடிஞ்சது" என்றார் சார். முடியாது என்றேன். கோடு அந்தப் பெண்ணின் பெயரில் பாதி. சேமித்த முறைதான் தப்பு. இன்றைக்குக் கோட்டை எடுத்தால் நாளைக்கு இன்னொரு பேர் இரண்டு புள்ளியோடு வரும். உங்கள் பேரில் ஓர் எழுத்தை எடுத்தால் சும்மா இருப்பீர்களா என்று கேட்டேன்.

"ரேஷன் கார்டுல ஏற்கெனவே எடுத்துட்டான். சும்மாத்தான் இருக்கேன்."

வியாழக்கிழமை

கோப்பை யூடிஎஃப்-8 ஆகச் சேமித்து, கோட்டோடு அனுப்பினேன். ஒரு மணி நேரத்தில் ஏற்றுக்கொண்டார்கள். மறுநாள், வியாழன் காலை, கூக்கால் வீட்டுக்கு முதல் பதிவு வந்தது: ஜெர்மனியிலிருந்து இரண்டு பேர், அதில் ஒருவர் Jürgen, இரண்டு புள்ளியும் சிந்தாமல். பஸ்ஸைப் பற்றிச் சொன்னதைத் திரும்ப வாங்காமல் நகர விடமாட்டேன் என்று போனை சார் கையில் கொடுத்தேன். கொஞ்சம் முறைத்தார். பிறகு, "செல்வி, தப்பு எங்க மேலதாங்க. உங்க வீட்டை நாங்க மூணு வாரமாக் காட்டவே இல்ல. இப்ப ரெண்டு பேரு வர்றாங்க" என்று சொல்லியே விட்டார்.

பேரில் ஓர் எழுத்தும் குறையக் கூடாது என்று நான் சாரிடம் தொண்டை வறள வாதாடியதை, செல்வி அக்கா ஸ்பீக்கரில் ஒரே மூச்சில் முடித்துவைத்தார்: "பரவால்லங்க சார், பூண்டை அண்ணன் வீட்ல போட்டுக்கிறேன், வர்றவுக பேரை மட்டும் சரியாச் சொல்லுங்க, வாசல்ல நின்னு கூப்புடணும்ல."