பச்சைக் கம்பியும் வெள்ளைக் கம்பியும்

வவுணதீவில் கேதீஸ்வரி போன் சாமான் கடை போட்டுப் பதினாறு வருடம். பக்கத்தில் என் தையல் கடை. அவளிடம் எனக்கு ஒரே கோபம், பழைய வயர் ஒன்றைக்கூட வீச மாட்டாள். மேசைக்குக் கீழே ஒரு பிஸ்கட் பெட்டி நிறைய, இப்போது எந்தப் போனிலும் ஏறாத வயர்கள். "இதுகளக் கட்டி மாரடிக்கிறாயே" என்று ஏசினால் சிரிப்பாள்.

ஆனால் அந்தப் பெட்டியைத் திறந்தால் எனக்கும் மனசு இளகிவிடும். ஊசி போன்ற அந்த மெல்லிய முனையைக் கண்டதும், கட்டாரிலிருந்து தம்பி எடுக்கும் அழைப்புக்காக, போனை அவளிடம் சார்ஜில் போட்டுவிட்டு அம்மாவும் நானும் கடை வாசலில் நின்ற நாட்கள் வந்துவிடும். அடுத்து வந்தது ஒரு பக்கம் அகன்று மறுபக்கம் ஒடுங்கிய முனை. அதைத் தலைகீழாகக் குத்தி உடைக்காதவர் இந்தச் சந்தியில் இல்லை. இப்போது டைப் சி, எப்படிச் செருகினாலும் ஏறும். வசதிதான். இருந்தாலும் அந்தக் காலத்தின் மேல் எனக்கு ஏக்கம் தீரவில்லை.

போன மாதம் சீனித்தம்பி அண்ணன் ஒரு பழைய போனோடு வந்தார். வாவியில் இறால் பிடிப்பவர். மனைவி கனகமணி இறந்து ஒரு வருடம். அவ பேசுகிற ஒரே வீடியோ அந்தப் போனில்தான் இருந்தது. பற்றரி செத்துவிட்டது, வயரில் போட்டால்தான் உயிர் வரும். ஸ்பீக்கரும் பழுது. ஆகவே முகத்தைப் பார்க்கலாம், குரல் கேட்காது.

"டவுன்ல காட்டினன் புள்ள. சார்ஜ் ஏறுதாம், கொம்பியூட்டருக்குப் போன் தெரியல்லயாம். உள்ளுக்குப் பழுது, ஒண்டும் ஏலாதெண்டுட்டாங்க."

கேதீஸ்வரி போனைத் தொடவில்லை. அவர் கொண்டுவந்த வயரைத்தான் பார்த்தாள். நடுவில் கறுப்பு டேப் சுற்றிய ஒட்டு ஒன்று இருந்தது.

"இது ஆர் வெட்டின?"

"நான்தான். தோணியில பற்றரிக்கு எட்டல்ல, வெட்டி நீட்டினன்."

வாவிக்காரர் வேறென்ன செய்வார்கள்? வலைக்கயிறு மாதிரி எதையும் வெட்டி முடிந்து நீட்டிவிடுவார்கள்.

"உள்ளுக்கு எத்தின கம்பி?"

"நாலு. சிவப்பையும் கறுப்பையும் முடிஞ்சன், சார்ஜ் ஏறிச்சி. மறுகா மத்த ரெண்டும் என்னத்துக்கு?"

"அண்ணே, சிவப்பும் கறுப்பும் கரண்டுக்கு. படமும் குரலும் போறது பச்சையிலயும் வெள்ளையிலயுந்தான்."

அவர் முகம் செத்துப் போயிற்று. "அப்ப அவட குரல நானா புள்ள வெட்டினன்?"



கேதீஸ்வரி பெட்டியைக் கொட்டினாள். முதல் வயரால் போனைத் தன் கணினியோடு தொடுத்தாள், சார்ஜ் மட்டும் ஏறியது. "இது லைற்றோட வந்தது, இதுக்குள்ளயும் ரெண்டு கம்பிதான்" என்று ஒதுக்கினாள். அடுத்தது முனை தேய்ந்தது. மூன்றாவதைச் செருகியதும் கணினி 'டிங்' என்றது. வீடியோவைக் கணினிக்கு மாற்றிவிட்டு, சத்தத்தைக் கூட்டினாள்.

கரையில் காற்று இரைந்தது. கனகமணி கையை அசைத்துக் கூப்பிட்டா.

"இஞ்சாருங்க, சோறு ஆறுது. தோணியக் கட்டிப்போட்டு வாங்களன்."

சீனித்தம்பி அண்ணன் ஸ்டூலை விட்டு எழும்பிவிட்டார்.

"ஓம், வாறன்" என்றார்.