சுக்கான் பிடித்த கை

“இடப்பக்கம் ஆடு!” என்று மீன்கடகத்தோடு இருக்கும் பெண் ஒருத்தி கத்துகிறாள். வள்ளத்தின் முன்பக்கம், கவிழ்த்த மண்ணெண்ணெய்த் தகரத்தில் இருக்கும் நீலகண்டன், கையிலுள்ள சைக்கிள் றிம்மைச் சட்டென்று வலப்பக்கம் திருப்புகிறார். “தப்பீட்டுது,” என்கிறார். குடையை விரித்தபடி இருக்கும் வாத்தியார் ஒருவர், “வலப்பக்கம் மாடு!” என்கிறார். றிம் இடப்பக்கம் திரும்புகிறது. “நடு றோட்டிலை நெடுந்தீவுக் குதிரை!” என்று யாரோ சொல்ல, நீலகண்டன் இல்லாத பிறேக்கை ஓங்கி மிதித்துத் தகரத்தோடு பின்னால் சரிகிறார். வள்ளம் முழுவதும் சிரிக்கிறது. குறிகட்டுவானிலிருந்து நெடுந்தீவுக்குப் போகும் நேரமெல்லாம் இந்த மாதங்களில் இப்படித்தான் கழிகிறது.

நீலகண்டனுக்கு வயது முப்பத்துநாலு. கட்டையான, இறுகிய உடம்பு. வெயிலில் சுருக்கிச் சுருக்கியே சிறுத்துப்போன கண்கள். பதினைந்து வருடங்களாக இந்த மோட்டர் வள்ளத்தின் சுக்கான் தடியைப் பிடித்தவர் அவர்தான். இப்போது அதை அப்புத்துரை பிடிக்கிறார். நீலகண்டன் கயிறு எறிகிறார், அரிசி மூட்டை ஏற்றுகிறார், அடியில் ஊறும் தண்ணீரைப் பேணியால் இறைக்கிறார். சுக்கானை விட்டுவிட்டுத் தண்ணீர் இறைக்கும் வேலையை யாரும் கேட்டு வாங்குவார்களா? அவர் கேட்டு வாங்கினார். காரணம், பஸ் ஓட்டும் ஆசை.

ஆசை என்று சொன்னால் அவருக்குப் பிடிக்காது. “ஆசையில்லை, தேவை,” என்பார். மனைவி அன்னபூரணமும் இரண்டு பெண்பிள்ளைகளும் குறிகட்டுவான் கரைப் பக்கம், சரவணையில் இருக்கிறார்கள். வள்ளம் இரவு தங்குவது நெடுந்தீவில். சோளகக் காற்றுத் தொடங்கினால் கடல் மறித்துவிடும். பத்து நாள், பன்னிரண்டு நாள் அவர் வீட்டுக்குப் போக முடியாது. “போன வருசம் சோளகம் முடிஞ்சு வீட்டை போனனான். சின்னவள் படலையிலை நிண்டு என்னைப் பாத்திட்டு, ‘அம்மா, ஆரோ வந்திருக்கினம்’ எண்டு உள்ளுக்கு ஓடினவள். அண்டைக்குத்தான் முடிவெடுத்தனான். வள்ளம் காத்தைக் கேட்டுத்தான் வரும். பஸ் மணிக்கூட்டைக் கேட்டு வரும்.”

டிப்போவில் புதிதாக றைவர்மாரை எடுக்கிறார்கள். முப்பத்தைந்து வயதாகிவிட்டால் எடுக்கமாட்டார்கள். ஆவணி பிறந்தால் அவருக்கு முப்பத்தைந்து. அதற்குள் பெரிய வாகன லைசென்ஸ் கையில் இருக்க வேண்டும்.

ஓட்டப் பழக்கியவர், கருவாடு ஏற்றும் லொறிக்காரர் சில்வெஸ்ரர். ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்ததும் லொறியின் முன்னும் பின்னும் ‘எல்’ பலகையைக் கட்டிக்கொண்டு மடத்துவெளிப் பக்கம் கொண்டு வருவார். நீலகண்டன் ஏறியதும் முதலில் வானத்தைப் பார்ப்பார், பிறகு பனையோலை எந்தப் பக்கம் சாய்கிறது என்று பார்ப்பார், அதன் பின்புதான் சாவியைத் திருப்புவார். நிறுத்தும் இடத்துக்கு நூறு யார் தூரம் இருக்கும்போதே எஞ்சினை அணைத்துவிடுவார்.

“என்ன வேலை காணும் உது?” என்று சில்வெஸ்ரர் முதல் நாளே கத்தினார்.

“பேசாமல் இரும். தானா வந்து அணையும்.”

“வள்ளம் கரையிலை அணையும். லொறி இடிக்கும்!”

இவையெல்லாம் ஒரு மாதத்தில் போய்விட்டன. போகாதது ஒன்றுதான். சுக்கான் தடியை இடப்பக்கம் தள்ளினால் வள்ளம் வலப்பக்கம் திரும்பும். பதினைந்து வருடம் அவருடைய கை படித்த பாடம் அது. வெறும் தெருவில் யோசித்து ஓட்டும்போது பிழை வராது. திடுக்கிட்டால் மட்டும் கை பழைய பாடத்துக்கு ஓடிவிடும்.

முதல் லைசென்ஸ் சோதனையில் இடப்பக்க வேலியிலிருந்து ஒரு ஆடு பாய்ந்தது. வலப்பக்கம் விலக நினைத்தவரின் கை இடப்பக்கம் திருப்பியது. லொறி ஆட்டை நோக்கியே போய் மணலில் புதைந்தது. சோதிக்க வந்த ஐயா இறங்கி, வேட்டியைத் தட்டிக்கொண்டு நிற்கும் நீலகண்டனைப் பார்த்து, “ஆடு தப்பினது உம்மடை கெட்டித்தனத்தாலை இல்லை, அதின்ரை கெட்டித்தனத்தாலை,” என்றாராம். இரண்டாம் சோதனையில் ஒரு சைக்கிள் குறுக்கே வந்தது. “இந்த முறை கை பிழையாப் போகேல்லை. எந்தப் பக்கம் எண்டு யோசிச்சுக்கொண்டு அப்பிடியே நிண்டிட்டுது. ஐயாதான் எட்டிப் பிடிச்சுத் திருப்பினவர்,” என்று நீலகண்டன் ஒளிக்காமல் சொல்கிறார்.

அன்றைக்குத்தான் சுக்கானை விட்டார். ஒரு கைக்கு இரண்டு பாடம் ஏலாது என்பது அவர் கண்டுபிடிப்பு. வள்ளச் சொந்தக்காரர் சிரித்தார். அப்புத்துரை, “றிம்மோடை கடலிலை பஸ் விடுறார்,” என்று துறை முழுவதும் சொல்லித் திரிந்தார். நீலகண்டன் அவருக்கும் ஒரு வேலை கொடுத்தார். “சும்மா நக்கலடியாமல் நீரும் ஒரு ஆட்டை விடும்!” அப்படித்தான் இந்த விளையாட்டுத் தொடங்கியது. கடலில் ஆடு, மாடு, குழந்தை, விறகு வண்டில் எல்லாம் குறுக்கே வந்தன. யாரும் சொல்லிவைத்து விடுவதில்லை. அவர் கயிறு சுற்றும்போது, வெற்றிலை மடிக்கும்போது, கண் அயரும்போதுதான் கத்துவார்கள். றிம் இல்லாவிட்டால் வெறுங்கை காற்றில் திரும்பும்.

ஆடி கடைசி வெள்ளிக்கிழமை மூன்றாம் சோதனை. சனிக்கிழமை காலை சரவணையிலிருந்து நேரே துறைக்கு வந்தார். முகத்தைப் பார்த்து ஒன்றும் கண்டுபிடிக்க முடியவில்லை. மூட்டைகளை ஏற்றி முடித்த பின்பே சொன்னார்.

“ஒரு கோழி. வலப்பக்கத்தாலை வந்தது. நான் காணவே இல்லை. கை கண்டிட்டுது. இடப்பக்கம் போட்டிட்டுது.”

“ஐயா என்ன சொன்னவர்?”

“ஒண்டும் சொல்லேல்லை. எழுதினவர்.” சட்டைப் பையிலிருந்து நாலாக மடித்த கடதாசியை எடுத்துக் காட்டினார். பாஸ். வாத்தியார் அதை வாங்கிச் சத்தமாக வாசித்தார். மீன்கடகக்காரி, “அப்ப எங்கடை ஆடுகளுக்கு இனி வேலையில்லை,” என்றாள்.

“இருக்கு அக்கா. வாற திங்கள் டிப்போவிலை பஸ் ஓடிக் காட்டவேணும்.”

நடுக்கடலில் சோளகம் கொஞ்சம் எழும்பியது. அலை பக்கவாட்டில் அடித்ததில் அப்புத்துரையின் இடுப்புச் சாரம் அவிழ்ந்தது. ஒரு கையால் சாரத்தையும் மறு கையால் சுக்கானையும் பிடித்தபடி அவர் கூப்பிட்டார்: “நீலகண்டண்ணை, பகிடி இல்லை, ஒருக்கா இதைப் பிடியும். சாரத்தைக் கட்டிப்போட்டு வாங்கிறன்!”

எல்லோரும் நீலகண்டனைப் பார்த்தார்கள். தடி வள்ளத்தின் பின்பக்கம், அவருக்குப் பத்து அடி தூரத்தில்தான் இருந்தது. அவர் எழுந்து போய், அப்புத்துரைக்கு முன்னால் குந்தி, அவிழ்ந்த சாரத்தை இழுத்து இறுக்கிக் கட்டிவிட்டார். பிறகு திரும்பி வந்து தகரத்தில் அமர்ந்து, இரண்டு கைகளையும் தொடைகளுக்கு அடியில் வைத்து, அவற்றின் மேல் நன்றாக அழுத்தி இருந்துகொண்டார்.