ஒன்பது மணி நேரத் தூரம்

தினமும் ஏழெட்டு விமானத்தில் ஏறி இறங்கினாலும் அவன் ஒரு நாளும் பறந்ததில்லை. பயணிகள் போனதும் உள்ளே நுழைந்து குப்பை பொறுக்கி, சீட்டு துடைத்து, போர்வை மாற்றிவிட்டு இறங்கும் வேலை அவனுக்கு. காலையில் வரும் அந்தப் பெரிய விமானம் என்றால் மட்டும் மனசு அடித்துக்கொள்ளும். அது அவன் மனைவி இருக்கும் ஊரிலிருந்து வருவது. ஏழாயிரம் கிலோமீட்டர், ஒன்பது மணி நேரம். அங்கே ஒரு முதியோர் இல்லத்தில் அவள் நர்ஸ். போய் இரண்டு வருஷமாகிறது.

"ஒன்பது மணி நேரம்தானேடா? என் மாமியார் வீட்டுக்கு பஸ்ஸுல போகவே அவ்வளவு ஆகுது" என்பான் கூட வேலை செய்யும் சோடாபுட்டி.

"பஸ்ஸுன்னா பாதி வழியில எறங்கி நடக்கவாவது முடியும்" என்பான் இவன்.

அவளுக்கு லீவு கிடைத்துவிட்டது என்றதும் இவனுக்குத் தலைகால் புரியவில்லை. அவள் வரும் நாளில் விடுப்பு கேட்டான். சூப்பர்வைசர் கையை விரித்துவிட்டார்.

"ரெண்டு பேரு காய்ச்சல்ல படுத்துட்டாங்க. நீயும் வரலன்னா நான்தான் தொடப்பத்தத் தூக்கணும். வேலைய முடிச்சுட்டுப் போய்ப் பாருப்பா, எங்க ஓடிடப் போறாங்க?"

விமானம் வந்து நின்றது. கடைசிப் பயணி இறங்கும்வரை துப்புரவுக்காரர்கள் பின்பக்கப் படிக்கட்டில்தான் நிற்க வேண்டும். முன்வாசல் வழியாக அவள் போய்க்கொண்டிருப்பாள் என்று தெரிந்தும் எட்டிப் பார்க்க வழியில்லை. உள்ளே விட்டதும், அவள் சொல்லியிருந்த ஜன்னல் சீட்டுக்கு நேராகப் போனான். கசங்கிய போர்வை. தலையணையில் ஒரு நீள முடி. சீட்டில் கை வைத்தான். சூடு இன்னும் ஆறவில்லை.

"தங்கச்சி உட்கார்ந்த எடமா?" என்றான் சோடாபுட்டி. "சித்த நேரம் உட்காரு. இந்த வரிசைய நான் பாத்துக்கறேன்."

உட்கார்ந்தான். எழுந்திருக்கத்தான் மனசு வரவில்லை.

வேலை முடிந்து ஓட்டமும் நடையுமாக வெளியே வந்தபோது, அவள் பெட்டிமேல் உட்கார்ந்திருந்தாள். இளைத்துப் போயிருந்தாள்.

"இவ்வளவு நேரமா என்ன பண்ணீங்க?"

"நீ போட்ட குப்பையத்தான் பொறுக்கிட்டு வரேன்."

சிரித்தாள். சிரிக்கும்போதே கண் கலங்கிவிட்டது.

மூன்று வாரம் கண் மூடித் திறப்பதற்குள் ஓடிவிட்டது. வழியனுப்ப லீவு எடுத்துக்கொள்ளச் சொன்னார் சூப்பர்வைசர். இந்தத் தடவை இவன்தான் வேண்டாம் என்றுவிட்டான். அவள் ஏறும் முன்பே உள்ளே போய், அவள் பக்கத்து ஜன்னலை இரண்டு முறை துடைத்தான். இருப்பதிலேயே புதுப் போர்வையாகப் பார்த்து வைத்தான். பிறகு கீழே இறங்கி, சாமான் வண்டியோரம் நின்று கையை ஆட்டினான். வெயில் பட்டு ஜன்னலெல்லாம் ஒரே பளபளப்பு. அவளும் ஆட்டினாளா என்று தெரியவில்லை.

"அடுத்தது வந்துடுச்சுடா, வா" என்று சோடாபுட்டி கூப்பிட்டான்.

விமானம் ஓடுபாதை பக்கம் திரும்பிவிட்டது. கையை இறக்காமலே அவன் நடந்தான்.