இல்லாத கங்காணி

கண்டியில் ஒரு தியேட்டரில் அந்தப் பழைய ஆங்கிலச் சிரிப்புப் படத்தை நானும் அம்மாவும் பகல் காட்சியில் பார்த்தோம். கதாநாயகன் கண்ணுக்குத் தெரியாமல் போய்விடுகிறான். கதாநாயகி அவனோடு சண்டை போடுகிறாள், காதைத் திருகுகிறாள், அவன் தள்ளிவிட்டதுபோல் உட்கார்ந்திருந்த கதிரையோடு சாய்ந்து விழுகிறாள். ஆனால் தானாகப் பறந்த தொப்பிக்குத்தான் எல்லோரும் கைதட்டினார்கள். எனக்கு எரிச்சலாக இருந்தது. தொப்பியை நூல் கட்டி யாரும் இழுக்கலாம். வெறும் காற்றோடு அப்படிச் சண்டை போட யாரால் முடியும்?

அம்மாவுக்கு ஆங்கிலம் ஒரு சொல்கூடத் தெரியாது. தெல்தோட்டைக்குத் திரும்பும் பஸ்ஸில், "அவ கண்ணப் பாத்தியா? அவன் நிக்கிற எடத்த விட்டு அது நகரவே இல்ல" என்றாள்.

மறுநாள் மலைக்குத் தேத்தண்ணி கொண்டுபோனேன். தேயிலைக் கொழுந்து பறித்துக்கொண்டிருந்த அம்மா என்னைக் கண்டதும் கண் சிமிட்டினாள். பிறகு தலைத்துண்டைச் சரிசெய்து, ஆளில்லாத பாதையைப் பார்த்து, "இல்லைங்க கங்காணி ஐயா, இந்தா முடிஞ்சிருச்சுங்க" என்றாள்.

அடுத்த நிரையில் எங்களுக்கு முதுகைக் காட்டி, வெற்றிலை மென்றபடி சும்மா நின்ற பக்கத்து லயத்து வீட்டு அத்தை சட்டென்று குனிந்தாள். இரண்டு கைகளும் செடிமேல் பறந்தன. கொஞ்ச நேரம் கழித்து, தலை நிமிராமலே கிசுகிசுத்தாள்: "போயிட்டாரா?"

அம்மாவின் கண் பாதையை விட்டு நகரவில்லை.

"இல்ல. ஒனக்குப் பின்னாலதான் நிக்கிறாரு."